தனியாகப் போகிறவளுக்குச் சொல்லப்பட்டவை

என்னோடு வேலை பார்க்கும் நர்ஸ் ஒருத்தி, மெல்பனிலேயே பிறந்து வளர்ந்தவள், மத்திய ஆப்பிரிக்கப் பக்கம் தனியாக ஒரு சுற்றுப் போய்வர வேண்டும் என்று ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். ஒரு நைட் ஷிப்டில், டீ குடிக்கிற இடைவேளையில், ஆஸ்திரேலிய அரசின் பயண அறிவுரைகளை எடுத்து உரக்கப் படித்தாள். ஸ்மார்ட்டிராவலர் என்ற அந்தச் சேவை உலக நாடுகளை நான்கு படிகளில் அடுக்கி வைத்திருக்கிறது. முதல் படியில் வழக்கமான கவனம் போதும். நான்காம் படியில் போகவே கூடாது. மத்திய ஆப்பிரிக்கக் குடியரசு நான்காம் படி. சரி, பக்கத்து நாடுகளையாவது பார்ப்போம் என்று மேலே படித்தாள். இருட்டிய பின் வெளியே நடக்க வேண்டாம். தெரிந்த ஓட்டுநரையே வைத்துக்கொள். கார்க் கதவைப் பூட்டிக்கொள். எங்கே போகிறாய் என்று ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போ. உடையில் ஊரோடு ஒத்துப் போ.

எனக்குச் சிரிப்பு வந்தது. 2011இல் நான் மெல்பனுக்குக் கிளம்பியபோது திருச்சி விமான நிலையத்தில் அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னதும் இதையேதான். கார் ஓட்டுநர் மட்டும் அதில் இல்லை, எங்களுக்கு அவ்வளவு வசதி கிடையாது. அத்தைக்கு அன்றைக்கு ஆஸ்திரேலியாதான் மத்திய ஆப்பிரிக்கா.

அவர் பயந்ததில் நியாயம் இருந்தது. 2010 ஜனவரி 2ஆம் தேதி இரவு, பஞ்சாபிலிருந்து வந்த நிதின் கார்க் என்ற 21 வயது இளைஞர் வேலைக்கு நடந்து போகும் வழியில் யாராவில் புறநகர்ப் பூங்காவில் குத்திக் கொல்லப்பட்டார். யாராவில் எங்கள் வெரிபீ ரயில் பாதையில் இருக்கிற நிலையம். வேலை முடிந்து திரும்பும்போது தினமும் அதைத் தாண்டித்தான் வருகிறேன். சில நாளிலேயே இந்திய வெளியுறவுத் துறை மெல்பனில் படிக்கும் மாணவர்களுக்கு எச்சரிக்கை வெளியிட்டது, இரவில் தனியாகப் போகாதீர்கள் என்று. அதற்கு முந்தின வருஷமே விக்டோரியா போலீஸ் தன் பங்குக்குச் சொல்லியிருந்தது: ரயிலில் சொந்த மொழியில் சத்தமாகப் பேசாதீர்கள், ஐபாடையும் மடிக்கணினியையும் வெளியே காட்டாதீர்கள். அன்றைய தலைமை ஆணையர் சைமன் ஓவர்லாண்ட், முடிந்தவரை ஏழைபோலத் தோன்றுங்கள் என்கிற அளவுக்குப் போனார்.

அந்த அறிவுரைகள் பெரும்பாலும் ஆண்பிள்ளைகளுக்குச் சொல்லப்பட்டவை. பெட்ரோல் பங்கிலும் பர்கர் கடையிலும் நடுராத்திரிவரை வேலை பார்த்துவிட்டுக் கடைசி ரயிலில் திரும்பிய இருபது வயதுப் பையன்கள் அவர்கள். இருட்டினால் போகாதே, சத்தமாகப் பேசாதே, கண்ணில் படும்படி எதையும் அணியாதே என்பதெல்லாம் அவர்கள் வாழ்க்கையில் முதல் தடவையாகக் கேட்ட வார்த்தைகள். கோபம் வந்தது, 2009 மே மாதக் கடைசியில் ஃபிளிண்டர்ஸ் தெருவில் ஆயிரக்கணக்கில் உட்கார்ந்தார்கள். அதே வார்த்தைகளைப் பன்னிரண்டு வயதிலிருந்து கேட்டு வளர்ந்த அவர்கள் அக்கா தங்கைகளுக்கு ஒரு நாளும் கோபம் வந்ததில்லையா என்று பிறகு நான் யோசித்ததுண்டு. வந்திருக்கும். உட்காரத் தெரு கிடைக்கவில்லை.

பின்னால் ஆஸ்திரேலியக் குற்றவியல் ஆய்வு நிறுவனம் 2005 முதல் 2009 வரையிலான தாக்குதல்களை ஆராய்ந்தது. பெரிய மாநிலங்களில் இந்திய மாணவர்கள் வழிப்பறிக்கு ஆளாவது சராசரியைவிடக் கூடுதலாக இருந்தது. அவர்கள் எந்த நேரத்தில், என்ன வேலைக்கு, எதில் ஏறிப் போகிறார்கள் என்பது அதற்கு ஒரு முக்கியக் காரணம். ஐபாடை மறைத்து வைப்பதால் ஷிப்ட் நேரம் மாறிவிடாது.

ஏழைபோலத் தோன்று என்பதைக் கேட்டபோது எனக்கு அவ்வையின் நினைவு வந்தது. கல்யாணத்திலிருந்து தப்பி ஊர் ஊராய்ப் போவதற்காகப் பிள்ளையாரிடம் முதுமையைக் கேட்டு வாங்கிக்கொண்டாள் என்று பாட்டி கதை சொல்வாள். சின்ன வயதில் அது வரமாகத்தான் தெரிந்தது. இப்போது அது தமிழின் மிகப் பழைய பயணப் பாதுகாப்பு அறிவுரையாகத் தெரிகிறது: போகவேண்டுமா, முதலில் கிழவியாகு. காரைக்கால் அம்மையாருக்கு அதுவும் போதவில்லை. பெரிய புராணத்தில் அவர் தசையை உதறிப் பேய் வடிவம் கேட்டு வாங்கிய பிறகுதான் கயிலைக்குப் புறப்படுகிறார். வேடிக்கை என்னவென்றால், சங்கப் பாடல்களில் வரும் அவ்வை கிழவியே அல்ல. அதியமானோடு கள் பகிர்ந்து குடித்தவள், அவனுக்காகத் தொண்டைமானிடம் தூது போனவள். கிழவியாக்கியது பிற்காலக் கதை. சுற்றித் திரிந்த பெண்ணை எப்படிக் கற்பனை செய்வது என்று தெரியாத தலைமுறைகள் அவள் தலையை நரைக்க வைத்துவிட்டன.

(நள்ளிரவில் நகையோடு நடக்கும் பெண்ணைப் பற்றிக் காந்தி சொன்னதாக மேடைதோறும் வருகிற வாக்கியத்தை இங்கே இழுக்கப் போவதில்லை. நகையை விடுங்கள், அவள் பையில் சாப்பாட்டு டப்பாவும் மைக்கி ரயில் கார்டும்தான் இருக்கின்றன.)

பெண்களுக்குச் சொல்லப்படும் அறிவுரைகளை நான் ஒரே கேள்வியால் பிரித்துப் பார்க்கிறேன். இதைக் கேட்டால் அவள் போகவேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்வாளா, அல்லது வீட்டோடு நின்றுவிடுவாளா? மெல்பனின் கடந்த பதினைந்து வருஷத்தை இந்தக் கேள்வியோடு படித்தால் பல விஷயங்கள் துலங்கும்.

2012 செப்டம்பர் 22 அதிகாலை, பிரன்ஸ்விக்கில் சிட்னி ரோட்டிலிருந்து வீட்டுக்கு நடந்த ஜில் மேகர் கொல்லப்பட்டார். வயது 29. வீடு நடக்கும் தூரம். அவ்வளவு நேரம் வெளியே என்ன வேலை, கணவர் ஏன் கூட்டிவரவில்லை என்று கேட்டவர்கள் இருந்தார்கள். ஒரு வாரத்தில் சுமார் 30,000 பேர் அதே சிட்னி ரோட்டில் ஊர்வலம் போனார்கள். உண்மையான காரணம் வேறு இடத்தில் இருந்தது. கொன்றவன் ஏற்கெனவே பாலியல் வன்முறைக்குத் தண்டனை பெற்று, பரோலில் வெளியே வந்திருந்தவன். முன்னாள் உயர் நீதிமன்ற நீதிபதி இயன் கலினன் 2013இல் பரோல் வாரியத்தை ஆராய்ந்தார், அதன் பிறகு விதிகள் இறுகின. அன்றைக்கு ஜில் என்ன செய்திருந்தாலும் அந்தப் பரோல் கோப்பு மாறியிருக்காது.

2015 மார்ச்சில் டொன்காஸ்டர் பூங்காவில் 17 வயது மாணவி கொல்லப்பட்டபோது, விசாரித்த போலீஸ் அதிகாரியே பெண்கள் பூங்காக்களில் தனியாக இருக்க வேண்டாம் என்றார். அப்போதும் கொன்றவன் கண்காணிப்பு ஆணையில் இருந்தவன். 2018 ஜூனில் பிரின்சஸ் பூங்காவில் யூரிடிசி டிக்சன் கொல்லப்பட்டதும் போலீஸ், சுற்றுப்புறத்தைக் கவனியுங்கள், கையில் போன் இருக்கட்டும் என்றது. அவர் கையில் போன் இருந்தது. வீட்டை நெருங்கிவிட்டேன் என்று செய்தியும் அனுப்பியிருந்தார். மறுபடி அதே வாக்கியத்தைக் கேட்டு ஊர் கொந்தளித்தது. பெண்கள் தங்கள் நடத்தையை மாற்ற வேண்டியதில்லை, ஆண்கள்தான் மாற்ற வேண்டும் என்று முதலமைச்சர் டேனியல் ஆண்ட்ரூஸ் வெளிப்படையாகச் சொன்னார். மாநிலத் தலைமையிலிருந்து அப்படி ஒரு வாக்கியம் வந்தது சின்ன விஷயமல்ல. ஆனால் அந்த வாக்கியத்தை வைத்துக்கொண்டு அன்றிரவு பத்தரை மணிக்கு ஹாப்பர்ஸ் கிராசிங்கில் இறங்குகிறவள் என்ன செய்வாள்?

நம்மவர்கள் எல்லோரும் தரும் ஓர் அறிவுரை உண்டு: யாரோடாவது போனில் பேசிக்கொண்டே வா. என் அம்மாவும் நானும் வருஷக்கணக்காக இதைச் செய்தோம். ஸ்டேஷனிலிருந்து வீடுவரை அம்மா திருச்சியில் போனும் கையுமாக இருப்பார், இங்கே பதினொன்று என்றால் அங்கே மாலை ஐந்தரை அல்லது ஆறரை, கோயில் மணி கேட்கும். 2015 மார்ச் 7 இரவு சிட்னி வெஸ்ட்மீடில், பாரமட்டா பூங்கா வழியாக நடந்த பிரபா அருண்குமார், பெங்களூரிலிருந்து வேலைக்கு வந்திருந்தவர், இந்தியாவிலிருந்த கணவரோடு பேசிக்கொண்டு போகும்போதுதான் கொல்லப்பட்டார். 2019 ஜனவரியில் பண்டூராவில் 86ஆம் எண் டிராமிலிருந்து இறங்கிய மாணவி ஆயியா மசார்வே தன் சகோதரியோடு பேசிக்கொண்டிருந்தபோது கொல்லப்பட்டார். இரண்டு தடவையும் மறுமுனையில் இருந்தவர்கள் கேட்டார்கள், எதுவும் செய்ய முடியவில்லை. பேச்சு தைரியம் தருகிறது, அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் கடல் கடந்த குரல் சாட்சி மட்டுமே. பின்னால் வரும் காலடிச் சத்தத்தைக் காது கேட்காமல் செய்துவிடவும் கூடும். பேசத்தான் வேண்டுமென்றால் இதே ஊரில் இருப்பவரோடு பேசலாம், ஐந்து நிமிடத்தில் காரை எடுத்துக்கொண்டு வரக்கூடியவரோடு. எங்கள் தெருவில் பருத்தித்துறை அக்கா ஒருவர் இருக்கிறார். “பிள்ளை, தனிய நடந்து வராதேங்கோ. ஒரு கோல் அடிச்சா வாறன்தானே” என்பார். அந்த ஒரு வாக்கியத்தில் தடையும் இருக்கிறது, வண்டியும் இருக்கிறது.

பகல், கூட்டம், துணை என்ற மூன்றின் மேலும் நமக்கு அளவுகடந்த நம்பிக்கை. 2016 ஜூன் 24 காலை, சென்னை நுங்கம்பாக்கம் ரயில் நிலையத்தில் ஒரு தகவல் தொழில்நுட்ப ஊழியர் வெட்டிக் கொல்லப்பட்டதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அப்பா வண்டியில் கொண்டுவந்து விட்டிருந்தார். வெளிச்சம் இருந்தது. மேடையில் ஆட்கள் நின்றார்கள். நிலையத்தில் கண்காணிப்புக் கேமரா இல்லை. 1998இல் சென்னையில் கல்லூரி மாணவி சரிகா ஷா ஆண்களின் சீண்டலால் உயிரிழந்தார், பெண்களைத் துன்புறுத்துவதைத் தடுக்கும் சட்டம் அதன் பிறகே தமிழ்நாட்டில் வந்தது. அதுவும் தெருவில், கூட்டத்தின் நடுவில் நடந்ததுதான். இலங்கையில் ஐ.நா. மக்கள்தொகை நிதியம் செய்த ஆய்வில், பஸ்ஸிலும் ரயிலிலும் தொல்லைக்கு ஆளான பெண்கள் நூற்றுக்குத் தொண்ணூறு. அவர்களில் போலீசுக்குப் போனவர்கள் நூற்றுக்கு நான்கு. பஸ் என்றால் கூட்டம்தான்.

வெளிச்சத்துக்கு வருவோம், இதில் மெல்பன் உண்மையிலேயே புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்திருக்கிறது. 2016இல் பிளான் இன்டர்நேஷனல் அமைப்பு, இளம் பெண்கள் தங்களுக்குப் பயம் தரும் இடங்களையும் பிடித்த இடங்களையும் நகர வரைபடத்தில் குறிக்க வழி செய்தது. ஃப்ரீ டு பீ என்று பெயர். பிறகு சிட்னி, டெல்லி, கம்பாலா, லிமா, மாட்ரிட் என்று பரவியது. மொனாஷ் பல்கலைக்கழகத்தின் எக்ஸ்.ஒய்.எக்ஸ். ஆய்வகமும் அரூப் பொறியியல் நிறுவனமும் அந்தப் புள்ளிகளுக்கு இரவில் நேரில் போய் வெளிச்சத்தை அளந்தன. கூடுதல் வெளிச்சம் என்றால் கூடுதல் பாதுகாப்பு உணர்வு என்ற கணக்கு தப்பாகப் போனது. பெண்கள் பயந்த பல இடங்களில் வெளிச்சம் கண்ணைக் கூசுமளவு இருந்தது. கூசும் விளக்கின் கீழ் நிற்பவள் எல்லோர் கண்ணிலும் படுவாள், அவளுக்கு விளக்கின் எல்லைக்கு அப்பால் எதுவும் தெரியாது. சீராகப் பரவிய, பல பக்கமிருந்தும் வருகிற, கொஞ்சம் மஞ்சளான ஒளியில்தான் பெண்கள் நிம்மதியாக நடக்கிறார்கள். நம் ஊர்த் தெருமுனை டீக்கடை விளக்கு அந்த வேலையைத்தான் செய்துகொண்டிருந்தது. ஆளும் இருப்பார், மஞ்சள் வெளிச்சமும் இருக்கும், எதிரில் வருகிறவர் முகமும் தெரியும்.

ஆள் என்றேன். மெல்பன் ரயில்களில் ஒரு காலத்தில் கார்டு இருந்தார். 1990களில் செலவைக் குறைக்க அவர்களை எடுத்துவிட்டார்கள், பல நிலையங்களில் டிக்கெட் கொடுக்கும் ஆளும் போனார். பயம் ஏறியது, புகார்கள் ஏறின. 2012 பிப்ரவரியில் பாதுகாப்பு அலுவலர்கள், பி.எஸ்.ஓ. என்று எல்லோரும் சொல்பவர்கள், துப்பாக்கியோடு வந்தார்கள். மாலை ஆறு மணியிலிருந்து கடைசி ரயில்வரை நிலையங்களில் நிற்பது அன்றைய ஏற்பாடு. டிக்கெட் கிழித்த ஆளை அனுப்பிவிட்டு, பதினைந்து இருபது வருஷம் கழித்து ஆயுதம் ஏந்தியவரைக் கொண்டுவந்து நிறுத்தியது எவ்வளவு சிக்கனம் என்பதை வாசகர் கணக்குப் போட்டுக்கொள்ளலாம். ஆனாலும் அவர்கள் நிற்கும் இரவும் நிற்காத இரவும் ஒன்றல்ல என்பதை நான் நடந்து பார்த்தவள். சிட்னி கார்டுகளை வைத்துக்கொண்டது. அங்கே கார்டு இருக்கும் பெட்டியருகே நீல விளக்கு எரியும், இரவில் பெண்கள் அதைப் பார்த்து ஏறுவார்கள். இங்கே அதற்கு ஈடு ஓட்டுநருக்குப் பின்னால் உள்ள முதல் பெட்டி. ஒவ்வொரு பெட்டியிலும் ஓட்டுநரோடு பேசும் அவசரப் பொத்தான் இருக்கிறது. பொத்தான் எங்கே என்று பகலிலேயே பார்த்து வைத்துக்கொள்வது நல்லது. இரவில் தேடினால் கிடைக்காது.

அறிவுரையைச் சேவையாக மாற்றியதில் எனக்குப் பிடித்த உதாரணம் டொரொன்டோ. ஸ்கார்பரோவில் நம்மவர்கள் எத்தனையோ பேருக்குத் தெரிந்த விஷயம்தான். 1989இல் மெட்ராக் என்ற பெண்கள் அமைப்பும் போக்குவரத்துக் கழகமும் போலீசும் சேர்ந்து நிலையம் நிலையமாக நடந்து, எங்கே பயமாக இருக்கிறது என்று பெண்களிடமே கேட்டு எழுதின. 1991இல் ஓர் எளிய விதி வந்தது: இரவு ஒன்பதுக்கு மேல் தனியாக வரும் பெண் கேட்டால், இரண்டு நிறுத்தங்களுக்கு நடுவிலும் பஸ்ஸை நிறுத்து. செலவு ஏறக்குறைய ஒன்றுமில்லை. 2011இல் அந்த வசதி எல்லோருக்குமானது. தமிழ்நாட்டில் 2021 மே மாதம் சாதாரணக் கட்டண பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்றானது பாதுகாப்புத் திட்டமாகப் பேசப்படுவதில்லை. எனக்கு அது பாதுகாப்புத் திட்டம்தான். பையில் காசில்லாததால் இரண்டு நிறுத்தம் முன்பே இறங்கி நடந்த பெண்களை எனக்குத் தெரியும்.

இந்தியாவிலிருந்து புதிதாக வருகிறவர்களிடம் நான் கட்டாயம் சொல்வது ஒன்று. கைப்பையில் மிளகு ஸ்பிரே இருந்தால் எடுத்து வைத்துவிட்டு வாருங்கள். அங்கே கடையில் வாங்கலாம், அம்மாக்கள் வாங்கியும் கொடுக்கிறார்கள். விக்டோரியாவில் அது தடைசெய்யப்பட்ட ஆயுதம், வைத்திருந்தாலே குற்றம். மேற்கு ஆஸ்திரேலியாவில் தற்காப்புக்கு அனுமதி உண்டு, அந்த நினைப்பில் இங்கே வைத்துக்கொள்ளக் கூடாது. கூச்சலிடும் சிறு அலாரம் வைத்துக்கொள்ளலாம், தடையில்லை. ரயிலில் பஸ்ஸில் எவனாவது தொல்லை கொடுத்தால், உயிராபத்தில்லாத நிலையில், 0499 455 455க்குக் குறுஞ்செய்தி அனுப்பலாம்; ஸ்டாப்பிட் என்று போலீஸ் நடத்தும் சேவை. ஆபத்து என்றால் மூன்று சைபர். ஆங்கிலம் தடுமாறினால் போலீஸ் என்றும் தமிழ் என்றும் இரண்டு சொல் சொன்னால் போதும், மொழிபெயர்ப்பாளரை இணைப்பார்கள். புகார் கொடுத்தால் விசா போய்விடும் என்ற பேச்சு நம் வாட்ஸப் வட்டங்களில் சாகாமல் சுற்றுகிறது. குற்றத்துக்கு ஆளானவர் புகார் கொடுப்பதால் விசா போவதில்லை.

இவ்வளவும் தெருவைப் பற்றியது. கணக்குப் புத்தகம் வேறு திசையைக் காட்டுகிறது. ஆஸ்திரேலியப் புள்ளியியல் அலுவலகத்தின் 2021–22 ஆய்வின்படி, பதினைந்து வயதுக்குப் பின் பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்கள் நூற்றுக்கு 22. பெரும்பாலும் செய்தவன் தெரிந்தவன். 2022–23இல் கணவனோ காதலனோ முன்னாள் துணையோ கொன்ற பெண்கள் 34 பேர். தெரிந்த ஓட்டுநரையே வைத்துக்கொள் என்ற அறிவுரைக்குப் பின்னால் தெரிந்தவன் நல்லவன் என்ற நம்பிக்கை இருக்கிறது. வாடகை அறை தருகிற அண்ணன், கையில் காசாகச் சம்பளம் தருகிற முதலாளி, தினமும் ஸ்டேஷனுக்கு வந்து கூட்டிப்போகிறேன் என்று அன்பாகச் சொல்லி மெல்ல மெல்ல அவள் தனியாகப் போவதையே நிறுத்திவிடுகிற கணவன். இந்த மூன்று பேரைப் பற்றியும் எந்த அத்தையும் விமான நிலையத்தில் எச்சரிப்பதில்லை. விக்டோரியாவின் குடும்ப வன்முறை அரச ஆணையம் 2016இல் 227 பரிந்துரைகள் தந்தது, அதன் பலனாக ஆரஞ்சு டோர் போன்ற மையங்கள் வந்தன. குடியேறிய பெண்களுக்கென்றே இன்டச் அமைப்பு பல மொழிகளில் வேலை செய்கிறது. துணைவர் விசாவில் வந்தவள் கணவனின் வன்முறையால் பிரிந்தாலும், நிரந்தர விசாவுக்கு வழி இருக்கிறது. இதைக் கணவர்கள் சொல்லித் தரமாட்டார்கள்.

போன மாதம் மதுரையிலிருந்து ஒரு பெண் படிக்க வந்தாள், அம்மாவின் சிநேகிதி மகள். முதியோர் இல்லம் ஒன்றில் மாலை ஷிப்ட் கிடைத்திருக்கிறது. அவளுக்கு ஊரைக் காட்ட ஒரு ஞாயிறு மாலை கூட்டிக்கொண்டு நடந்தேன். வெரிபீ நிலையத்தில் முதல் ரயிலிலிருந்து கடைசி ரயில்வரை அலுவலர் இருப்பார், அதனால் பக்கத்து நிலையம் வீட்டுக்குக் கொஞ்சம் கிட்டே என்றாலும் இங்கேயே இறங்கு என்றேன். வாட்டன் தெருவில் எந்தக் கடை எத்தனை மணிவரை திறந்திருக்கும் என்று காட்டினேன். பாதையில் வேலை நடக்கும் நாளில் ரயிலுக்குப் பதில் பஸ் விடுவார்கள், அது நிலையத்து வாசலில் விடாமல் கொஞ்சம் தள்ளி விடலாம், அதைக் கிளம்புமுன் பார்த்துக்கொள். ஆற்றோரப் பாதை அழகுதான், பகலில் போ. சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன், அத்தை பேசியதுபோல இருந்தது. யூபரில் ஏறுமுன் நம்பர் பிளேட்டைப் பார், பெயரை நீ சொல்லாதே, அவரைச் சொல்லச் சொல், பின் ஸீட்டில் உட்கார். வெள்ளி, சனி இரவுகளில் 2016இலிருந்து விடியவிடிய ரயில் ஓடுகிறது.

அவள் எல்லாவற்றையும் போனில் குறித்துக்கொண்டாள். பிறகு கேட்டாள், “அக்கா, ஸ்டேஷனிலிருந்து வீட்டுக்கு?” நான் பஸ் நிறுத்தத்துக் கம்பத்தில் ஒட்டியிருந்த நேர அட்டவணையைக் காட்டினேன். அவளுடைய ஷிப்ட் செவ்வாயும் வியாழனும் பத்தரைக்கு முடிகிறது. எங்கள் பக்கம் போகும் கடைசி பஸ் ஒன்பதே முக்கால். நடந்தால் இருபத்தெட்டு நிமிடம். யூபருக்குப் போனால் ஒரு மணி நேரச் சம்பளத்தில் பாதிக்கு மேல் போய்விடும். அட்டவணையை இன்னொரு தடவை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, “சைக்கிள் என்ன விலை இருக்கும்?” என்றாள்.